அரசு தவறுவது திறமையின்மையாலா, வேண்டுமென்றேவா?

இந்தக் கேள்விக்குச் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பர் 1 இரவைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் அடையாற்றுத் தண்ணீர் ஏறியது. கைக்குழந்தையோடு மொட்டை மாடிக்கு ஓடியவர்கள் விடியும்வரை அங்கேயே நின்றார்கள்.

ஊரை மூழ்கடிக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. ஆனால் வெறும் திறமையின்மை என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்கப்படவில்லை. ஏரியை முழுக் கொள்ளளவுக்கு நிரப்பினால் நீர்ப்பரப்பை ஒட்டிய தனியார் நிலங்கள் மூழ்கும் என்பதும் அதில் பேசப்பட்டது.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை உறுத்துகிறது. திட்டம் எழுதாதது மெத்தனம். ஏரி ஓரமும் ஆற்றங்கரையும் பட்டாவாகவும் கட்டடமாகவும் மாறியது அப்படியல்ல. அவை ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ போட்ட கையெழுத்து, யாரோ தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்ட ஆக்கிரமிப்பு இருக்கிறது. நோக்கம் கெடுதல் செய்வதல்ல, ஆதாயம். கெடுதல் வரும் என்று தெரிந்தும் பரவாயில்லை என்று விட்டதை நான் வேண்டுமென்றே செய்ததாகத்தான் எண்ணுகிறேன். அதனால் மதகைத் திறந்த அதிகாரியிடம் மட்டும் கணக்குக் கேட்டால் போதாது.