பாகங்களாக வந்த அலமாரி டிராயரைப் பூட்டுவதில் சந்தேகமா? கேளுங்கள்

கே: நான்கு டிராயர். முதல் ஒன்றுக்கே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. சீக்கிரம் முடிக்க வழி உண்டா?

ப: ஒவ்வொன்றாகப் பூட்டி முடிக்காதீர்கள். நான்கு டிராயரின் பலகைகளையும் வகைவாரியாகத் தரையில் அடுக்குங்கள். பலகைகளை இணைக்கும் மரக்குச்சிகளை எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் செருகுங்கள், அப்புறம் போல்ட், அப்புறம் அடிப்பலகை. இரண்டாவதிலேயே கை பழகிவிடும். ஸ்க்ரூக்களை நீளம் பார்த்துத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். நீளமானது தவறிப்போய் முன்பலகையில் ஏறினால் மறுபக்கம் மூக்கை நீட்டும். ட்ரில் மெஷினைத் தொடாதீர்கள். துகள் பலகையில் (பார்ட்டிகிள் போர்டு) ஒரு நொடி கூடுதலாகச் சுற்றினால் ஓட்டை பொடியாகிவிடும்.

கே: பூட்டியாயிற்று, ஆனால் டிராயர் கோணலாகச் சிக்குகிறது. சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்) பழுதா?

ப: பெரும்பாலும் சேனல் மேல் தப்பிருக்காது, பெட்டி சதுரமாக இருக்காது. டிராயரைக் கவிழ்த்து மூலைக்கு மூலை குறுக்காக டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மி.மீ. வித்தியாசம் என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். 5 மி.மீ. என்றால் எல்லா ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்தி, நீளமாக வந்த குறுக்களவின் இரு மூலைகளையும் உள்நோக்கி அழுத்திப் பிடித்து மறுபடி முடுக்குங்கள். பெட்டியைச் சதுரமாக நிறுத்துவதே அந்த மெல்லிய அடிப்பலகைதான். அது காடிக்குள் (பலகை செருகும் பள்ளத்துக்குள்) கடைசிவரை இறங்கியிருக்கிறதா பாருங்கள். காடியில் மரத்தூள் கட்டியிருந்தாலே பலகை மூலையில் தூக்கி நிற்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். அடிப்பலகை இறங்கும் வரை எதையும் முழுசாக முடுக்கக் கூடாது.

அதுவும் சரி என்றால் இடைவெளியைப் பாருங்கள். பக்கவாட்டில் மாட்டும் குண்டு பேரிங் சேனல் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ. கேட்கும். டிராயர், அலமாரியின் உள்ளகலத்தை விட 25 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகவே குறுகியிருக்க வேண்டும்.

கே: மெதுவாகச் சுற்றும் ட்ரில் என்றால் பரவாயில்லையா?

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: கேம் லாக் (போல்ட் தலையைச் சுற்றிப் பிடிக்கும் வட்டப் பூட்டு) பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ப: போல்ட் விளிம்புவரை உள்ளே இறங்கவில்லை, அல்லது கேமின் அம்புக்குறி போல்ட் நுழையும் பக்கத்தைப் பார்க்கவில்லை. இரண்டையும் சரிசெய்து சுற்றுங்கள், பாதிச் சுற்றுக்குச் சற்று மேலே கடிக்கும். கடித்ததும் நிறுத்துங்கள்.

கே: மரக்குச்சிக்குப் பசை போடலாமா?

ப: தாராளமாக.

கே: போடவே கூடாது! வீடு மாறும்போது எப்படிக் கழற்றுவது?

ப: டிராயரை எதற்குக் கழற்ற வேண்டும்? உருவி அப்படியே தூக்கிப் போகலாம். அலமாரிக் கூட்டுக்குத்தான் பசை வேண்டாம், அங்கே நானும் உங்கள் கட்சி.

கே: வழவழப்பான மேற்பூச்சில் பசை ஒட்டாதே?

ப: ஒட்டாதுதான். அதனால்தான் ஓட்டைக்குள் ஒரு சொட்டு என்கிறேன். அங்கே பூச்சில்லாத மரத்தூள் இருக்கிறது. பலகை விளிம்பில் பூசிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். தினம் இருபது முறை இழுபடும் முன்பலகை முதலில் ஆடுவது இந்த மூட்டில்தான்.

கே: மூட்டு ஆடினால் மறுபடி முடுக்கினால் போதும். பசை சோம்பேறி வேலை.

ப: முடுக்கி முடுக்கித்தான் ஓட்டை பெரிதாகிறது. அப்படிப் பெரிதானால் மருந்து நீக்கிய தீக்குச்சியைப் பசையில் தோய்த்துச் செருகி, ஒரு நாள் காயவிட்டு ஸ்க்ரூவைப் பூட்டுங்கள். பசையிலிருந்து தப்ப முடியாது பார்த்தீர்களா?

கே: திருப்புளி வழுக்கி ஸ்க்ரூ தலை தேய்கிறது.

ப: தலையில் கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே சின்னக் கோடுகள் தெரிந்தால் அது போஸிடிரைவ். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் வழுக்கும். பிஇசட் 2 முனை பெரும்பாலும் பொருந்தும்.

கே: சுவரோடு பிடிக்கும் பட்டை கூடவே வந்தது. தேவையா?

ப: தேவை. நான்கு டிராயரும் ஒன்றாகத் திறந்தால் கனம் முன்னால் வந்துவிடும். குழந்தை அதில் கால் வைத்து ஏறினால் அலமாரி அதன் மேலேயே சாயும்.

கே: ட்ரில்லில் கிளட்ச்சை (முடுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் வளையம்) 1-இல் வைத்தால்?

ப: சரி, இரண்டாவது தடவை கேட்டுவிட்டீர்கள். 1-இல் வையுங்கள், கடைசி இரண்டு சுற்று கையால்.