ஒரே துப்பாக்கிக்கு மூன்று தலை

கேள்வி: ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறேன். 4.5 மி.மீ., பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரகம். ஒரே மாடலில் மூன்று வகை இருக்கிறது. ஒன்றில் பேரல் மேலேயே பச்சை, சிவப்பு ஃபைபர் வைத்த ஓப்பன் சைட் (லென்சு இல்லாமல் குறிபார்க்கும் வெட்டும் முனையும்), அதோடு டவ்டெய்ல் வெட்டு (சைட்டோ ஸ்கோப்போ மாட்டும் சரிவான நீளப் பள்ளம்). இரண்டாவதில் பிக்காட்டினி ரெயில் (குறுக்குப் பள்ளங்கள் உள்ள மாட்டும் தண்டு), கூடவே ஒரு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, ஆனால் ஓப்பன் சைட் கிடையாது. மூன்றாவதில் டவ்டெய்லில் மாட்டிய பீப் சைட் (சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும் பின்சைட்), பேரல் முனையில் வட்டக் கூண்டுக்குள் முன்சைட். காகித டார்கெட்தான் சுடுவேன், பெரும்பாலும் 10 மீட்டர், எப்போதாவது 25. வயது 48, படிக்கக் கண்ணாடி போடுகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: பேரல், ஸ்பிரிங், டிரிக்கர் மூன்றிலும் ஒன்றுதான் என்றால் மூன்றும் ஒரே மாதிரிதான் சுடும், அதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. ரெயில் வெறும் அலமாரிப் பலகை. மேலே எதை வைக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் பலகைக்காகக் காசு கொடுப்பானேன்? அதனால் சைட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

48 வயதில் ஓப்பன் சைட் கொஞ்சம் படுத்தும். பின்சைட்டின் வெட்டு, முன்சைட், டார்கெட் என்று மூன்று தூரத்தில் மூன்று பொருள் இருக்கிறது, கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகக் காட்டும். இளவயதுக் கண் சட்டென்று மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும், நம்முடையது பின்சைட்டைப் பஞ்சு மாதிரிதான் காட்டும். ஃபைபர் புள்ளிகள் பளிச்சென்று தெரியும், உண்மை. ஆனால் காகிதத்தில் புள்ளி எண்ணிச் சுடுகிறவருக்கு அந்தப் பளிச்சே தொந்தரவு, ஒளிரும் புள்ளிக்கு ஓரம் எது என்று கண்ணால் பிடிக்க முடியாது. சர்வதேச 10 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டின் குறுக்களவே 0.5 மி.மீ.தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பீப்பில் பின்சைட்டை நீங்கள் பார்க்கவே வேண்டாம், சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் போதும், நடுவை மூளை தானாகத் தேடிக்கொள்ளும். ஓட்டை சிறியதாக இருப்பதால் முன்சைட்டும் டார்கெட்டும் ஓரளவு ஒன்றாகவே தெளிவாகத் தெரியும். பின்சைட் கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள தூரமும் கூடுகிறது, இதில் ஒரு கணக்கு இருக்கிறது: அந்தத் தூரம் 50 செ.மீ. என்றால், முன்சைட் 0.1 மி.மீ. விலகினாலே 10 மீட்டரில் 2 மி.மீ. தள்ளிப் படும், 70 செ.மீ. என்றால் சுமார் 1.4 மி.மீ.தான். சர்வதேச 10 மீட்டர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, எல்லோரும் பீப்தான்.

ஸ்கோப்? மோசம் என்று சொல்ல மாட்டேன், துப்பாக்கியோடு சேர்த்துத் தரும் ஸ்கோப்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஸ்பிரிங் ரைஃபிளுக்கு இரட்டை உதை உண்டு. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும், பிஸ்டன் போய் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னே வெடுக்கென்று இழுக்கும். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்புகள் பின்னோக்கி வரும் உதைக்குத்தான் தயாரானவை, இந்த எதிர் இழுப்பில் உள்ளே லென்சு ஆடிப்போகும். அதனால் ஏர்கன்னுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரிவது. பல ஸ்கோப்புகள் 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்குச் சரிசெய்து வரும். 10 மீட்டரில் டார்கெட் மங்கலாகத் தெரிவதோடு, தலையை லேசாக அசைத்தாலே சிலுவைக்கோடு டார்கெட் மீது நடந்துபோகும். முன்வளையத்திலோ பக்கத் திருகிலோ 10 மீட்டர் வரை இறங்கும் அளவு இல்லாவிட்டால் அந்த ஸ்கோப்பை இலவசமாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

இப்போது யாரும் விளம்பரத்தில் சொல்லாத சங்கதி. மடக்கும் பேரலில் கீல் இருக்கிறது. ஓப்பன் சைட் இரண்டும் பேரல் மேலேயே உட்கார்ந்திருப்பதால் பேரல் ஒவ்வொரு முறையும் முடி அளவு வேறு இடத்தில் பூட்டினாலும் சைட்டும் கூடவே நகரும். ஸ்கோப் அப்படியில்லை, ஸ்பிரிங் இருக்கும் பின்பக்க உருளைமேல் இருக்கிறது, பேரல் எங்கே போனாலும் அது கண்டுகொள்ளாது. பீப் நடுவில்: முன்சைட்டாவது பேரலோடு போவதால் தவறு குறையும், முழுதாகப் போகாது. ஆகவே கடையிலேயே, குண்டு போடாமல், ஒரு கையால் துப்பாக்கியின் உடம்பைப் பிடித்து இன்னொரு கையால் பேரலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் வேறு பீஸ் கேளுங்கள்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. மனம் மாறினால் பீப்பைக் கழற்றிவிட்டு அதே டவ்டெய்லில் ஸ்கோப் வைக்கலாம். இரண்டாவதை எடுத்தால் திரும்பும் வழி கடினம், முனையில் வெறும் பிளாஸ்டிக் மூடி ஒட்டி வரும் பேரலில் பிறகு முன்சைட் பொருத்துவது பெரிய வேலை. கீல் ஆடாத பீஸ் மூன்றாவதில் கிடைக்கவே இல்லையென்றால் முதலாவது.

கேள்வி: டவ்டெய்லில் ஸ்கோப் நழுவுகிறது, பிக்காட்டினி வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. நானே மாட்டிக்கொண்டவன். குண்டுகள் நாளுக்கு நாள் இடம் மாறிப் படுகின்றன, மூச்சைக் குறை சொல்கிறேன், பெல்லட்டைக் குறை சொல்கிறேன், கடைசியில் பார்த்தால் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையமான ரிங்குக்கு முன்னால் கறுப்புப் பூச்சில் பளபளவென்று ஒரு கீறல், ஸ்கோப் 3 மி.மீ. பின்னால் போயிருக்கிறது. டவ்டெய்ல் வெறும் பிடிமானத்தில் நிற்பது, குறுக்கே தடுப்பு கிடையாது. பிக்காட்டினியில் 5.23 மி.மீ. அகலப் பள்ளங்கள் குறுக்கே ஓடுகின்றன, ரிங்கின் குறுக்குக்கட்டை அதில் உட்கார்ந்துகொண்டால் நழுவ இடமில்லை. இறுக்கும் முன் ரிங்கைப் பின்னோக்கித் தள்ளிவிட்டு இறுக்குங்கள், ஸ்பிரிங் துப்பாக்கியில் ஸ்கோப் பின்னால்தான் ஓடப் பார்க்கும்.

ஆனால் அதற்காகத் துப்பாக்கியை மாற்ற வேண்டாம். உருளையில் ஒரு சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள், ஸ்டாப் பின் (நழுவாமல் தடுக்கும் முள்) உள்ள ரிங் வாங்கி அந்த முள்ளைத் துளையில் இறக்கினால் தீர்ந்தது. ரிங்குக்குப் பின்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், கோடு ரிங்குக்கு அடியில் மறைந்தால் விஷயம் தெரிந்துவிடும். டவ்டெய்லை பிக்காட்டினியாக மாற்றும் துண்டும் விற்கிறார்கள், அது ஸ்கோப்பை உயர்த்திவிடும், கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் பதியாமல் அந்தரத்தில் நிற்கும்.

கேள்வி: என்னிடம் வீவர் ரிங் (பிக்காட்டினியைப் போன்ற இன்னொரு ரக ரெயிலுக்கானது) இருக்கிறது. பிக்காட்டினியில் மாட்டலாமா?

பதில்: பெரும்பாலும் மாட்டலாம். வீவர் பள்ளம் 4.57 மி.மீ., அதற்கான கட்டை ஒல்லியாக இருக்கும், அகலப் பள்ளத்தில் இறங்கிவிடும். தலைகீழாகத்தான் சிக்கல், பிக்காட்டினிக் கட்டை வீவர் பள்ளத்தில் நுழையாது. இடைவெளியும் கவனியுங்கள்: பிக்காட்டினியில் பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மி.மீ. என்று 1995-இல் அமெரிக்க ராணுவத் தரமாகவே வரையறுத்துவிட்டார்கள், வீவரில் அந்த ஒழுங்கு கிடையாது.