வொண்டர் உமனை இன்றைய வாசகர்களுக்காக எப்படி மாற்றலாம்?

உடையை மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. 1941-ல் வில்லியம் மார்ஸ்டன் இந்த அமெரிக்க காமிக்ஸ் நாயகியை உருவாக்கும்போதே டயானா (அதுதான் வொண்டர் உமனின் சொந்தப் பெயர்) தன் காலத்தைத் தாண்டி நின்றவள்தான். மற்ற எழுத்தாளர்கள்தான் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர்ஹீரோ குழுவில் சேர்த்து செக்ரெட்டரி வேலை கொடுத்தார்கள், 1968-ல் புதுமை செய்கிறோம் என்று சக்தியையே பிடுங்கிக்கொண்டு துணிக்கடை நடத்த வைத்தார்கள்.

1987-ல் காமிக்ஸ் எழுத்தாளரும் ஓவியருமான ஜார்ஜ் பெரெஸ் செய்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கிரேக்கப் புராணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, ஆங்கிலம்கூடத் தெரியாமல் நம் உலகத்துக்கு வந்து நிற்கிற இளம்பெண்ணாக அவளை முதலிலிருந்து தொடங்கினார்.

போன வாரம் கடலூரில் அக்கா மகள் நோட்டில் டயானாவை வரைந்துகொண்டிருந்தாள். பூட்ஸின் ஹீல்ஸை மட்டும் ரப்பர் வைத்து அழித்தாள். "சில்வர் பீச் மணல்ல இதைப் போட்டுக்கிட்டு ஓட முடியுமா மாமா?" என்றாள். உடையைப் பொறுத்தவரை அவ்வளவுதான் விஷயம்.

கதைக்கு உயிர், கட்டப்பட்டவரை உண்மை பேச வைக்கும் டயானாவின் கயிற்றில் இருக்கிறது. மார்ஸ்டன் ஒரு உளவியலாளர், ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையில் உழைத்தவர். வாட்ஸ்அப்பில் வதந்தி பறக்கிற இந்தக் காலத்தில், ஒருவரைக் கட்டிப்போட்டு உண்மையை வாங்கலாமா என்று டயானாவே கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கட்டும், அதை வைத்தே ஒரு வருடத்துக்குக் கதை எழுதலாம்.