முதலில் ஸ்டிக், பெடல் பிறகு

கேள்வி: ஓய்வு பெற்றவன் நான். கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டரைக் கீபோர்டிலேயே ஓட்டி விரல்கள் சலித்துவிட்டன. ஜாய்ஸ்டிக், த்ராட்டில், பெடல் மூன்றையும் ஒரே செட்டாக வாங்கிவிடலாமா? நண்பரின் மகன் பயன்படுத்திய பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றும் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

பதில்: செட் வேண்டாம், ஸ்டிக் மட்டும் வாங்குங்கள். திருகக்கூடிய கைப்பிடியும் அடிப்பாகத்தில் சிறு த்ராட்டில் நெம்புகோலும் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) உள்ள ஸ்டிக்காக இருக்கட்டும். முன்பின், இடவலம் அசைத்தால் விமானம் மூக்கைத் தூக்கும், சாயும். கைப்பிடியைத் திருகினால் வால் சுக்கான் திரும்பும்; பெடல் செய்யும் வேலையும் இதுதான். ஆறு மாதம் இதில் ஓட்டினாலே அடுத்து எது தேவை என்று உங்கள் கையே சொல்லிவிடும். பலருக்கு அது தனி த்ராட்டில்தான். பெடலை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பெடலை மிதித்தால் நகர்வது பெடல் அல்ல, நாற்காலி!

எந்த விமானத்தை ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. செஸ்னா 172, போயிங் 737 இரண்டிலும் விமானியின் கையில் இருப்பது கார் ஸ்டியரிங் போன்ற யோக். ஏர்பஸ் ஏ320இல்தான் பக்கவாட்டில் சிறு ஸ்டிக். அதிலும் கேப்டன் இடப்பக்கம் அமர்ந்து, ஸ்டிக்கை இடக்கையாலும் த்ராட்டிலை வலக்கையாலும் பிடிப்பார். அந்த ஆசை இருந்தால், இரு கைக்கும் பொருந்தும் த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்றதைப் பாருங்கள். பரவலாக விற்கும் லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ வலக்கைக்கென்றே வார்க்கப்பட்டது. செஸ்னாவுக்காக யோக் வாங்கத்தான் வேண்டுமா என்றால், தேவையில்லை. ஸ்டிக்கிலேயே நன்றாகப் பறக்கலாம்.

கூடுதலாகப் பணம் போடுவதானால் பொத்தான்களுக்காகப் போடாதீர்கள், ஸ்டிக்கின் அசைவை உணரும் சென்சாருக்காகப் போடுங்கள். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினால் கரகரவென்று இரைச்சல் வருமே, நினைவிருக்கிறதா? அதே பொட்டென்ஷியோமீட்டர்தான் மலிவான ஸ்டிக்குகளிலும் இருக்கிறது. உள்ளே தடம் தேயத் தேய விமானம் தானாக நடுங்கும். ஹால் சென்சார் காந்தத்தைக் கொண்டு இயங்குவதால் அதில் உரசல் இல்லை, அந்தத் தேய்மானமும் இல்லை. ஆனால் பெட்டியில் ‘ஹால்’ என்று போட்டிருந்தாலும் கைப்பிடியைத் திருகும் அச்சுக்கும் அது உண்டா என்று கேளுங்கள். முக்கியமான இரண்டு அச்சுகளோடு (முன்பின், இடவலம்) நிறுத்திக்கொள்வோர் உண்டு.

பழைய ஸ்டிக்கில் நான் பட்டது இது. ஓடுபாதையில் விமானம் இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போனது. பக்கக்காற்று என்று நினைத்து ஒரு வாரம் போராடினேன். தேய்ந்திருந்தது திருகும் அச்சு. ஆகவே பணம் கொடுக்கும் முன் கணினியில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் தேடலில் ‘கேம் கண்ட்ரோலர்’ என்று தேடினால் சிறு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் பண்புகளுக்குள் (Properties) போனால் ஒரு சதுரமும் அதன் நடுவே சிலுவைக் குறியும் தெரியும். ஸ்டிக்கை மிக மெதுவாக வட்டமாகச் சுழற்றுங்கள். குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், தாவக் கூடாது. கையை எடுத்ததும் நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். சற்றே துடித்தால் விளையாட்டின் அமைப்பில் ‘டெட் ஸோன்’, அதாவது நடுவில் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாத பகுதி, அதைக் கூட்டிச் சமாளிக்கலாம். தாவினால் பாதி விலையும் அதிகம்தான்.

உயரத்தையும் கவனியுங்கள். மேசை மீது ஸ்டிக்கை வைத்தால் தோள் தூக்கிக்கொண்டு அரைமணியில் வலிக்கும். முன்கை தரைக்கு இணையாக இருக்கும்படி ஒரு தாழ்ந்த பலகையில் பொருத்துங்கள். அடிப்பாகம் கனமற்றதென்றால், பலமாக இழுக்கும்போது ஸ்டிக்கே எழுந்து கைக்கு வந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் குறைந்த விலைக்கு ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: பழுதானால் யாரிடம் கொடுப்பீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். விற்ற நாட்டில் மட்டுமே வாரண்டி தரும் நிறுவனங்கள் பல. இங்கேயே கடையில் வாங்கினாலும் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி இருக்க வேண்டும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.