சோயா மெழுகைத் தேர்வது எப்படி?

கேள்வி: வீட்டில் மெழுகுவத்தி செய்து விற்க விரும்புகிறேன். பாரிமுனைக் கடைகளில் நம்பகமான சோயா மெழுகை எப்படி அறிவது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: விலைக்கு முன் உருகுநிலையைக் கேளுங்கள். கண்ணாடிக் குவளையில் ஊற்றும் சோயா மெழுகு பெரும்பாலும் 45 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் இளகிவிடும் என்பதாலும், கத்திரி வெயிலில் மூடிய வண்டிக்குள் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும் என்பதாலும், சென்னைக்கு அந்த வரம்பின் மேல்முனையில் உள்ளதையே பரிந்துரைப்பேன். சோயா என்று எழுதிய மூட்டையில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் மெழுகும் இருக்கலாம் (கலப்பது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் சிக்கல்). ஆகவே கலவை விவரமும் தொகுதி எண்ணும் அச்சிடாத சரக்கைத் தவிர்த்துவிடுங்கள். முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கி, நறுமண எண்ணெயை மெழுகின் எடையில் 6 சதவீதம் சேர்த்து, ஓரிரு வாரம் வைத்திருந்து ஏற்றிப் பாருங்கள். மேற்பரப்பில் வெள்ளை படர்வது சோயாவின் இயல்பு. அந்தக் குறைந்த அளவிலேயே எண்ணெய் கசிந்தால் வேறு சரக்கைப் பாருங்கள்.