குறைமாதப் பிரசவம்: முன்கூட்டியே தெரியுமா?

கே (22 வாரம், இரண்டாவது பிள்ளை): முதல் குழந்தை 31 வாரத்தில் பிறந்தது. இந்தத் தடவையும் அப்படி ஆகுமா என்று சொல்ல ரத்த டெஸ்ட் உண்டா அக்கா?

ப: ரத்தத்தை நம்பி உட்கார வேண்டாம் மா. உங்களுக்கு வேண்டியது உள்வழி ஸ்கேன், அதாவது டிவிஎஸ். கர்ப்பப்பை வாயின் நீளத்தை அதில் அளப்பார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இந்த அளவு நம்பும்படி வராது, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வாய் நீளமாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். உங்களைப் போல முன்பே குறைமாதத்தில் பெற்றவர்களுக்கு 16 வாரத்திலிருந்து 24 வரை சில வார இடைவெளியில் பார்ப்பது வழக்கம். நீங்கள் 22-ல் இருக்கிறீர்கள், நாளைக்கே போங்கள். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கர்ப்பப்பை வாயில் தையலா, இரவில் பிறப்புறுப்புக்குள் வைக்கும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோனா (கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்) என்று டாக்டர் முடிவு செய்வார்.

கே (29 வாரம்): விட்டுவிட்டு வலி. உள்ளே பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுத்தார்கள், ஃபைப்ரோனெக்டின் பாசிட்டிவாம். ஒரு வாரத்தில் பிறந்துவிடுமா? அழுதுகொண்டே இருக்கிறேன்.

ப: அழாதீர்கள், இந்த டெஸ்டின் கூத்தே அதுதான். ஃபைப்ரோனெக்டின் என்பது பனிக்குடத்தையும் கர்ப்பப்பைச் சுவரையும் ஒட்டவைக்கும் பசை போன்ற புரதம். 24 முதல் 34 வாரத்துக்குள் அது கீழே கசியக் கூடாது. கசியவில்லை என்றால், அடுத்த ஏழு நாளில் பிரசவம் ஆகாது என்று பெரும்பாலும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். அதன் ‘இல்லை’க்குத்தான் மதிப்பு. ‘ஆமாம்’ வந்தவர்களில் பலர் மாதம் நிறைந்தே பெறுகிறார்கள். ஆனால் அலட்சியமும் கூடாது: குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசியை எப்போது போடுவது என்று தீர்மானிக்கத்தான் இதெல்லாம். அதைப் போட்டு ஒரு நாளாவது கழிந்து, ஒரு வாரத்துக்குள் பிறந்தால்தான் முழுப் பலன். அப்புறம், ஸ்வாப் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பத்தியமோ உள்பரிசோதனையோ ரத்தக் கசிவோ இருந்ததா? இருந்தால் பாசிட்டிவை நம்ப முடியாது, டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கே (26 வாரம்): பப்பாளி?

ப: இது பரிசோதனை பற்றிய இடம். அடுத்தது.

கே (33 வாரம்): காலையிலிருந்து நனைந்துகொண்டே இருக்கிறது, சிறுநீரா பனிக்குட நீரா எப்படித் தெரிந்துகொள்வது?

ப: வீட்டில் தெரிந்துகொள்ள வேண்டாம். நாப்கின் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. இதை எத்தனை தடவை சொல்வது!

கே (20 வாரம்): வாராவாரம் போடும் புரோஜெஸ்டிரோன் ஊசியைப் பற்றிச் சொல்லவே இல்லையே? என் அக்காவுக்கு அதைப் போட்டுத்தான் பிள்ளை தங்கியது.

ப: பிள்ளை தங்கியது, சந்தோஷம். ஊசியால்தான் தங்கியது என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? 2003-ல் வந்த ஆய்வு நல்ல முடிவு சொன்னது, அதை வைத்து அமெரிக்காவில் 2011-ல் அனுமதியும் கிடைத்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வு 2019-ல் வெளியானபோது, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

கே (அதே ஆள்): அப்போ எங்கள் டாக்டருக்கு ஒன்றும் தெரியாதா?

ப: அப்படிச் சொல்லவில்லை. நம் ஊரில் இன்னும் பலர் எழுதுகிறார்கள், காரணமும் வைத்திருப்பார்கள், கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்தவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்துக்கு இருக்கும் ஆதாரம் இந்த ஊசிக்கு இல்லை என்பதுதான் என் கட்சி.

கே (இன்னொருவர்): எனக்கும் ஊசிதான் போட்டார்கள், 38 வாரத்தில் பிறந்தது. ஆய்வு ஆயிரம் சொல்லும்!

ப: ஒரு தடவை குறைமாதத்தில் பெற்றவர்களிலும் பெரும்பாலானவர்கள் அடுத்த தடவை, ஊசியே போடாவிட்டாலும், மாதம் நிறைந்துதான் பெறுகிறார்கள். அதனால்தான் ஒருத்தர் கதையை வைத்து முடிவு கட்ட முடியாது. ஊசி விவாதம் போதும், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

கே (24 வாரம்): கர்ப்பப்பை வாய் நீளம் 22 மில்லிமீட்டர். மாமியார் முழுப் படுக்கை என்கிறார்.

ப: படுத்தே கிடந்தால் பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். பாரம் தூக்காதீர்கள், வீட்டுக்குள் நடமாடுங்கள். மருந்து பற்றி இந்த வாரமே பேசுங்கள். ஒருவேளை சீக்கிரம் பிறந்தால் பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி எது, வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள். பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே அங்கே போய்ச் சேர்வது குழந்தைக்கு நல்லது.