பெரியம்மா தந்த தக்காளி எந்த ஊர்க்காரன்?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் பெரியம்மா தக்காளி விதை கொடுத்தார். பழம் தட்டையாக, மடிப்பு மடிப்பாக இருக்கிறது. "பிரெஞ்சுக்காரங்க காலத்து ரகம்" என்கிறார். எப்படி உறுதி செய்வது?

பதில்: முதலில் பெரியம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். செடி காத்திருக்கும், நினைவு காத்திருக்காது. எந்த வருஷம் என்று கேட்டால் பதில் வராது. சுனாமிக்கு முன்னாலா, தானே புயலுக்கு அப்புறமா என்று கேளுங்கள். யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று ஒவ்வொரு கையாகப் பின்னால் போங்கள். நடுவில் ஆரோவில் வருகிறதா என்றும் விசாரியுங்கள். 1968 முதல் பல நாட்டவர் அங்கே குடியேறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

மடிப்பு விழுந்த தட்டைப் பழம் என்றதும் பிரான்சின் மர்மாந்த் ரகம் நினைவுக்கு வரும். புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் கதையும் பொருந்துகிறது. ஆனால் நம் பெரியகுளத்து பி.கே.எம். 1 தக்காளி ரகத்தின் பழமும் தட்டை உருண்டைதான், காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கும். அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கியது அது. என் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

செடியின் உச்சியைக் கவனியுங்கள். ஓரளவு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து, தானாக நின்றுவிடுகிறதா? அந்தக் குணம் 1914-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தற்செயலாகத் தோன்றி, பிறகுதான் மற்ற ரகங்களுக்குள் போனது. அப்படி நிற்கும் செடி அதற்கு முந்தைய காலத்து ரகமாக இருக்க முடியாது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் பழையதாக இருக்கலாம். ஆனால் அது மட்டும் சான்றாகாது, இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கும் இன்றைய ஹைபிரிட்கள் பலவும் அப்படித்தான் ஏறும்.

மழை ஓய்ந்ததும், டிசம்பர் வாக்கில், பி.கே.எம். 1 விதையையும் வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விதையுங்கள். உங்கள் விதையில் இருபது செடியாவது வேண்டும், மாடியில் இடம் போதாவிட்டால் தோழிகளிடம் பிரித்துக் கொடுங்கள். எல்லாச் செடியும் ஒரே மாதிரி காய்த்தால் நிலைத்த ரகம். ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வந்தால், இடையில் யாரோ ஹைபிரிட் பழத்திலிருந்து விதை எடுத்திருக்கலாம், அல்லது வேறு ரகம் கலந்திருக்கலாம். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். என்றாலும் மடிப்புப் பழ ரகங்கள் சிலவற்றில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தேனீ கலந்துவிடும். விதைக்கு விடும் பூங்கொத்தை, பூ விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள்.

இரண்டு மூன்று பருவம் மாறாமல் வந்தால், குறிப்புகளோடும் பழத்தோடும் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி உழவர் ரகமாகப் பதிவு செய்ய முடியுமா என்று அங்கே கேட்கலாம். கையில் இருக்கும் பழைய விதை முழுவதையும் இந்த வருஷமே விதைத்துவிடாதீர்கள். ஒரு பங்கை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து வையுங்கள்.